திவசத்துக்கு 120 சோத்துப் பார்சல்: இரவே சமைக்கிறதா, விடியவா, கடையிலயா?

அம்மம்மாட ஆட்டத்திவசத்துக்கு (முதலாம் வருசத் திவசம்) இரத்மலானைப் பக்கம் இருக்கிற ஒரு வயோதிபர் இல்லத்துக்கு 120 சோத்துப் பார்சல் குடுக்கிறது எண்டு எங்கட குடும்ப வட்ஸ்அப் குரூப்பில முடிவானது ஒரு செவ்வாய்க்கிழமை, வியாழக்கிழமைக்கிடையில குரூப் நாலு கட்சியாப் பிரிஞ்சிட்டுது. பெரியம்மா முந்தின இரவே சமைச்சு வைச்சிட்டு விடிய எழும்பி ஆறுதலாப் பார்சல் கட்டுவம் எண்டா. சித்தி அதெல்லாம் சரிவராது, சாமம் மூண்டு மணிக்கு அடுப்பு மூட்டினா எட்டு மணிக்குள்ள எல்லாம் கட்டி முடிச்சிடலாம் எண்டா. மாமா வழமை போல "காலி வீதியில ஒரு சைவக்கடையில சொல்லி விடுங்கோ, ஏன் பிள்ளையள் வீண் கரைச்சல்". லண்டன் மச்சாளுக்கு சமைச்ச சாப்பாடே வேண்டாமாம், அரிசி பருப்பு சீனி எண்டு உலருணவா வாங்கிக் குடுக்கட்டாம், காசு தான் அனுப்புறாவாம். நான் ஒரு உணவுத் தொழிற்சாலையில குவாலிட்டி செக்ஷனில பத்து வருஷமா இருக்கிறதால கடைசியில எல்லாரும் என்ர பக்கம் திரும்பி "நீ படிச்சனி தானே, நீ சொல்லு பிள்ளை" எண்டிச்சினம். வேலையில பேப்பரில எழுதுறதும் எங்கட வெள்ளவத்தை பிளட்டில நாலாம் மாடியில ரெண்டு காஸ் அடுப்போட செய்யிறதும் வேற வேற விசயம், அதால கொஞ்சம் இருந்து யோசிக்க வேண்டி வந்தது. பிறகு ரெண்டு மூண்டு பேர் தங்கட வீட்டு விசேசத்துக்கும் இதே கேள்வியக் கேட்டதால எழுதி வைக்கிறன்.

முதல்ல ஒரு விசயத்தைச் சொல்லிப்போட வேணும். சாப்பிடப்போறது ஆர் எண்டதுதான் இதில பாதி. எங்களுக்கு ஒரு பார்சல் ஒத்துக்கொள்ளாட்டி ரெண்டு தரம் சத்தி எடுத்து, ஜீவனி (உப்புச்சீனித் தூள்) கரைச்சுக் குடிச்சுப்போட்டு அடுத்தநாள் வேலைக்குப் போயிடுவம். 80 வயசில, பிரஷர் குளிசையும் சுகர் குளிசையும் போடுற ஒருத்தருக்கு அதே வாந்தி வயித்தோட்டம் வந்தா உடம்பில தண்ணி வத்தி ஆஸ்பத்திரியிலதான் போய் நிக்கும். கலியாண வீட்டுக்குச் சரி எண்டு விடுற கணக்கை இங்க விடேலாது.

"மரக்கறிச் சாப்பாடு தானே, மீனா இறைச்சியா, என்ன வரப்போகுது" எண்டு பெரியம்மா கேட்டா. நியாயமான கேள்வி, பிழையான நம்பிக்கை. இந்தப் பார்சலில நான் ஆகக்கூடப் பயந்தது சோத்துக்குத்தான். வயல் மண்ணில இருக்கிற பசிலஸ் சீரியஸ் எண்ட பக்டீரியா நெல்லோட சேர்ந்தே வீட்டுக்கு வாறது, அது வித்தியா இருக்கேக்க (பக்டீரியா தடிச்ச ஓட்டுக்குள்ள உறங்கிக் கிடக்கிற நிலை) சோறு கொதிக்கிற சூட்டில சாகாது. உண்மையில அந்தச் சூடு அதைத் தட்டி எழுப்பிவிடுற மாதிரி. மற்ற பக்டீரியா எல்லாம் செத்துப்போன பானையில, போட்டிக்கு ஆளில்லாமல், சோறு ஆற ஆற வித்தி முளைச்சு வளரத் தொடங்கும். கிட்டத்தட்ட 30 பாகை செல்சியஸில அவிச்ச சோத்தில அது அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா இரட்டிக்கும். ஒரு கிராமுக்கு 100 எண்டு தொடங்கினா பத்துத்தரம் இரட்டிச்ச உடன ஒரு லட்சம் தாண்டும், அதாவது முளைச்ச பிறகு அஞ்சு மணித்தியாலம். நோய் வந்த கனக்கச் சாப்பாட்டில கண்ட அளவு அந்த ஒரு லட்சத்துக்கு மேலதான். 30 பாகை எண்டுறது லாபில இந்த பக்டீரியாவை வளர்க்க இன்கியுபேட்டரில வைக்கிற சூடு, எங்கட குசினியில சும்மா இருக்கிற சூடும் அதுதான்.

இதில கேவலமான பகுதி இனித்தான். இந்த பக்டீரியாவில சில வகை சோத்திலயே செரூலைட் எண்ட நஞ்சை விட்டுவைக்கும். அது 121 பாகையில ஒண்டரை மணித்தியாலம் வைச்சாலும் அழியாது, பிரஷர் குக்கருக்குள்ள இருக்கிற சூடே அவ்வளவுதான். பக்டீரியா செத்தாலும் நஞ்சு இருக்கும். மணமும் மாறாது, ருசியும் மாறாது, சோறு நூல் விடவும் வேண்டாம். சாப்பிட்டு ஒண்டுல இருந்து ஆறு மணித்தியாலத்துக்குள்ள சத்தி. 1970களின் தொடக்கத்தில இங்கிலாந்தில இதை முதல் பிடிச்சது சைனீஸ் கடை பிரைட் ரைஸில, கடைக்காரர் இரவு அவிச்ச சோத்தை பிரிட்ஜில வைக்காமல் வெளியில விட்டு அடுத்தநாள் முட்டை போட்டுப் பிரட்டிக் குடுத்திருக்கினம். 2008ல பெல்ஜியத்தில 20 வயசு மாணவன் ஒருத்தன் அஞ்சு நாள் குசினி மேசையில கிடந்த ஸ்பகெட்டியை மைக்ரோவேவில சூடாக்கிச் சாப்பிட்டு அண்டைக்கு இரவே ஈரல் பழுதாகிச் செத்துப்போனான், அந்தக் கேஸ் மருத்துவ சஞ்சிகையில வந்தது. அஞ்சு நாள் எண்டது ஒரு ஓவர்தான், எங்கட வீட்டில ஒருத்தரும் அப்படிச் செய்யாயினம், ஆனா "சூடாக்கினா எல்லாம் சரி" எண்ட நினைப்பு அந்தப் பெடியனுக்கும் இருந்திருக்கும், எங்கட ஆக்களிட்டயும் இருக்கு.

இப்ப பெரியம்மாட முறை. அதை நான் வாயால மறுக்கேல்லை, ஏனெண்டா அவவுக்கு வாயால சொன்னா ஏறாது. ஒரு சனிக்கிழமை இரவு மூண்டு கிலோ சம்பா அரிசி வடிச்சு, பெரிய பானையில மூடி வைச்சு, நடுவில குத்துற தேர்மோமீட்டரை விட்டுப் பார்த்தம். இரவு ஒன்பது மணிக்கு 97 பாகை. பதினொண்டுக்கு 64. சாமம் ஒரு மணிக்கு எழும்பிப் போய்ப் பார்க்கேக்க 47. விடிய ஆறு மணிக்கு 33, மூடியைத் திறந்தா உள்பக்கம் தண்ணி சொட்டுது, சோறு நல்ல வெள்ளையா, உதிரியா, மணமாத்தான் இருந்தது. பெரியம்மா ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்திட்டு "இதில என்னடி பிழை" எண்டா. பிழை அந்த நம்பருக்குள்ளதான் இருக்கு எண்டு விளங்கப்படுத்தினன்: 60க்குக் கீழ (அதுக்கு மேல எண்டா இந்த பக்டீரியா வளராது) போனது பதினொண்டரை வாக்கில, அதில இருந்து விடிய ஆறு வரைக்கும் ஆறரை மணித்தியாலம் பானை முழுக்க வளர்ச்சிக்குச் சரியான சூட்டில கிடந்திருக்கு. இதுவே மூண்டு கிலோ. 120 பேருக்கு 11 கிலோ அரிசி வேணும், அவிஞ்சா 30 கிலோ, அந்தக் கிடாரம் இன்னும் மெதுவா ஆறும், விடிய அஞ்சு ஆறு மணிக்கு நடு 45 பாகைக்குக் கிட்டத்தான் நிக்கும்.

அந்த 45ல வேற ஒரு ஆள் காத்துக்கொண்டிருக்கு, குளொஸ்ட்ரிடியம் பெர்பிரின்ஜென்ஸ். இதுவும் வித்தி விடுற சாதி, பருப்பு, சோயாமீட், இறைச்சிக்கறி மாதிரி தடிப்பான, பெரிய சட்டிக் கறிகள்தான் இதுக்குப் பிடிச்ச இடம், 43ல இருந்து 47 பாகைக்குள்ள பத்து நிமிசத்துக்கு ஒருக்கா இரட்டிக்கும். பத்து நிமிசம். அமெரிக்காவில மட்டும் வருசத்துக்குக் கிட்டத்தட்ட பத்து லட்சம் பேருக்கு இது வருது எண்டு அவையிட சிடிசி எண்ட நோய்க்கட்டுப்பாட்டு நிலையத்தின்ர கணக்குச் சொல்லுது, கூடுதலா மொத்தமாச் சமைச்சுப் பரிமாறுற இடங்கள், விருந்து, ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம். ஒரு ஆறுதல் என்னெண்டா இதின்ர நஞ்சு குடலுக்குள்ள போய்த்தான் உருவாகும், அதால நல்லா 75 பாகைக்கு மேல கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கினா இதைக் கொல்லலாம். அதாவது பருப்புக்கறியைத் திருப்பிக் கொதிக்கவைக்கிறது கொஞ்சமாவது உதவும், சோத்தைத் திருப்பிச் சூடாக்கிறது உதவாமலும் போகலாம். ரெண்டும் ஒரே அடுப்படியில நடக்கிறதால ஆக்கள் ஒரே சட்டம் எண்டு நினைக்கினம்.

இரவுச் சமையலை ஒழுங்காச் செய்யிற வழி இல்லை எண்டு இல்லை. அமெரிக்க உணவுக் கோவையில (அவையிட உணவுப் பாதுகாப்பு விதிகள்) இருக்கிற கணக்குப்படி 57 பாகையில இருந்து 21க்கு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள கொண்டுவர வேணும், பிறகு இன்னும் நாலு மணித்தியாலத்துக்குள்ள 5க்கு. எங்கட தொழிற்சாலையில பிளாஸ்ட் சில்லர் எண்டு சூட்டைக் கெதியா இறக்கிற மெஷின் இருக்கு, தட்டில ரெண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பி உள்ள தள்ளினா முடிஞ்சுது. வீட்டில 30 கிலோ சோத்தை ரெண்டு அங்குலத்துக்குப் பரப்ப எத்தினை தட்டு வேணும் எண்டு பாருங்கோ, தட்டு இருந்தாலும் பிரிட்ஜில இடம் இல்லை, இடம் இருந்தாலும் கொதிக்கிற சோத்தை வைச்சா பிரிட்ஜுக்குள்ள இருக்கிற பாலும் தயிரும்தான் சூடாகும். வீட்டுப் பிரிட்ஜ் குளிரா இருக்கிறதைக் குளிரா வைச்சிருக்கச் செய்தது, சூடா இருக்கிறதைக் குளிராக்க இல்லை. நாலு பேர் குடும்பத்துக்கு மிஞ்சின சோத்துக்கு இது சரிவரும். 120க்கு வராது. பெரியம்மாட கட்சி அதோட கலைஞ்சுது, அவ ரெண்டு நாள் என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை.

மாமாட கடை யோசினையை நான் லேசில தள்ளேல்லை. பெரிய அடுப்பு இருக்கு, பழகின கை இருக்கு, 120 பார்சல் அவைக்கு ஒரு விளையாட்டு. ரெண்டு கடையில கேட்டன், ஒரு கடை பார்சல் 480 ரூபா, மற்றது 520 பாயாசத்தோட. விலையை விட நான் கேட்ட கேள்வி ஒண்டுதான்: "சோறு எத்தினை மணிக்கு வடிப்பீங்கள் அண்ணை?" முதல் கடைக்காரர் நேர்மையாச் சொன்னார், பெரிய ஓடர் எண்டா விடிய நாலுக்கே முடிச்சு கட்டிப்போட்டிடுவம் தங்கச்சி, பிறகு எங்களுக்குக் காலைச் சாப்பாட்டு வியாபாரம் இருக்கு. நாலு மணிக்கு வடிச்ச சோறு பன்ரண்டரைக்குச் சாப்பிட்டா எட்டரை மணித்தியாலம். மற்ற ஆள் "அதெல்லாம் ப்ரெஷ்" எண்டுபோட்டு போனை வைச்சிட்டார். இதில கடைக்காரரிலும் பெரிய பிழை சொல்லேலாது, கேக்கிற நாங்கள் விலையையும் வடை பெருசா சின்னனா எண்டதையும்தான் கேக்கிறம். கடையில குடுக்கிறதெண்டா அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கோ, வடிக்கிற நேரத்தை ஒன்பதுக்குப் பிறகு வைச்சுத் தர ஏலுமெண்டா கடைதான் ஆக லேசான வழி, நான் இப்பவும் அதைத்தான் ஆகலும் வேலைப்பழுவில இருக்கிற ஆக்களுக்குச் சொல்லுவன். எங்களுக்கு ரெண்டு கடையும் ஏலாது எண்டிட்டுது.

நடுவில தம்பி ஒரு ஐடியாவோட வந்தான். பார்சலில ஒண்டை லாபுக்குக் குடுத்து டெஸ்ட் பண்ணுவமே அக்கா, கொழும்பில எவ்வளவு லாப் இருக்கு. நல்ல பிள்ளை, ஆனா பக்டீரியா தட்டில வளர்ந்து எண்ணுறதுக்கே ஒரு நாள் ரெண்டு நாள், சல்மொனெல்லா (இன்னொரு வயித்தோட்டப் பக்டீரியா) இல்லை எண்டு உறுதியாச் சொல்ல மூண்டில இருந்து அஞ்சு நாள். ரிப்போட் வரேக்க திவசம் முடிஞ்சு அடுத்த வெள்ளிக்கிழமை ஆகியிருக்கும். அதோட அந்த செரூலைட் நஞ்சு தட்டில வளர்க்கிற டெஸ்டில தெரியவே தெரியாது, அதுக்கு எல்சி-எம்எஸ் எண்ட பெரிய மெஷின் வேணும். லாப் டெஸ்ட் எண்டது மாதக்கணக்கா ஒரே சாமானைச் செய்யிற தொழிற்சாலைக்குத் தன்ர முறை சரியா எண்டு பார்க்கத்தான், ஒரு நாள் சமையலைக் காப்பாத்த இல்லை. ரெண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஒரு தேர்மோமீட்டர் புறக்கோட்டையில வாங்கலாம், இந்த விசயத்தில அது லாபை விடப் பெறுமதி.

சித்தியிட சாமச் சமையல்தான் கனபேர் செய்யிறது, பார்த்தா நியாயமா இருக்கும். மூண்டு மணிக்குத் தொடங்கி அஞ்சரைக்குச் சோறு, ஆறரைக்குக் கறி எல்லாம் இறக்கி, எட்டு மணிக்குள்ள பார்சல் கட்டி, பூசை முடிய பத்தரைக்கு வானில ஏத்தி, காலி வீதி நெரிசலில பதினொண்டேகாலுக்கு அங்க போய், பன்ரண்டரைக்கு அவை சாப்பிடுவினம். விரல் விட்டு எண்ணிப்பாருங்கோ, சோறு வடிச்சதில இருந்து ஏழு மணித்தியாலம். இதில "ஆனா பார்சல் சூடாத்தானே இருக்கும்" எண்ட வாதம் வரும். நானும் அப்படித்தான் நினைச்சன். அதையும் அளந்தம். பானையில 80 பாகையா இருந்த சோத்தை அகப்பையால அள்ளி வாழையிலையில போட்டு, கறி நாலைச் சுத்திவர வைச்சு, மடிச்சு, பேப்பர் சுத்தி, அதுக்குள்ள தேர்மோமீட்டரைக் குத்தினா 56. கட்டி முடிக்கிற அந்த ஒண்டரை நிமிசத்திலயே 60க்குக் கீழ வந்திட்டுது! பிறகு அதை இருபதோட இருபதா அட்டைப்பெட்டியில அடுக்கினா சூடு வெளியேற வழி இல்லாமல் மூண்டு மணித்தியாலத்துக்குப் பிறகும் 44ல நிக்குது. கையில எடுத்தா "ஆகா, இன்னும் சூடா இருக்கு" எண்டு சந்தோசம் வரும், அந்தச் சூடு பெர்பிரின்ஜென்ஸுக்கு எடுத்து வைச்ச சூடு.

உலக சுகாதார நிறுவனம் சொல்லுறது சமைச்ச சாப்பாடு அறைச் சூட்டில ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல வேண்டாம், இல்லாட்டி 60க்கு மேல வைச்சிரு, இல்லாட்டி 5க்குக் கீழ. அமெரிக்கக் கோவையில கொஞ்சம் இளக்கம், சூட்டுக் கட்டுப்பாட்டில இருந்து எடுத்த நேரத்தை எழுதி ஒட்டி நாலு மணித்தியாலத்துக்குள்ள முடி, மிஞ்சினா எறி எண்டு. பார்சல் எண்டா இந்த நாலு மணித்தியாலம்தான் எங்கட கைக்குள்ள இருக்கிற ஒரே ஆயுதம், ஏனெண்டா பார்சலைச் சூடாயும் வைக்கேலாது குளிராயும் வைக்கேலாது.

பார்சல் கட்டுறதில இன்னொரு வில்லங்கம் கை. எட்டுப் பேர் மேசையைச் சுத்தி நிண்டு கதைச்சுக் கதைச்சு அள்ளி வைக்கேக்க ஒருத்தரின்ர விரலில ஒரு சின்ன வெட்டுக்காயம் இருந்தாப் போதும், ஸ்டபிலோகொக்கஸ் எங்கட தோலிலயும் மூக்கிலயும் சும்மாவே குடியிருக்கிற சாதி, அதின்ர நஞ்சும் கொதியில அழியாத சாதி. 1975ல ஜப்பான் எயார்லைன்ஸ் பிளேன் ஒண்டில 190 பேருக்கு மேல ஒரே நேரத்தில சத்தி எடுத்து கொப்பன்ஹேகன் ஆஸ்பத்திரியள் நிரம்பினது, தேடிப்பார்த்தா அலாஸ்காவில, அங்கரேஜில சமைச்ச ஒரு சமையல்காரரின்ர விரல் புண், அவர் தொட்ட ஹாம் மணிக்கணக்கா ஆறிக்கிடந்திருக்கு. ஒரு விரல்! கிளவுஸ் போட்டாலும் அதே கிளவுஸோட போனைத் தூக்கி "ஹலோ மாமி, ஓம் ஓம், கட்டிக்கொண்டிருக்கிறம்" எண்டா கிளவுஸ் போட்டதும் போடாததும் ஒண்டுதான்.

லண்டன் மச்சாளின்ர உலருணவு யோசினை, சும்மா சொல்லக்கூடாது, இந்த விஞ்ஞானத்தில ஆகவும் பாதுகாப்பானது அதுதான். ஆனா அம்மம்மா ஆருக்கும் அரிசி மூட்டை குடுத்த மனிசி இல்லை, வீட்டுக்கு வந்த தபால்காரரையே இருத்திச் சோறு போட்டு அனுப்பினவ, அதால அந்த யோசினையை ஒருத்தரும் வாயைத் திறந்து மறுக்காமலே விட்டிட்டினம்.

புளிச்சாதம் எண்டு ஒரு ஐந்தாவது கட்சியும் ஒரு நாள் இருந்தது. கோயில் பிரசாதத்துக்கும் தூரப்பயணத்துக்கும் எங்கட ஆக்கள் புளிச்சாதம் கட்டினது சும்மா இல்லை, புளிப்பு ஏற ஏற இந்த பக்டீரியாவுக்கு வளர்ச்சி குறையும், ஜப்பான்காரர் சுஷிச் சோத்துக்கு வினிகர் விடுறதும் இதே கணக்கு, அங்க பிஎச் (புளிப்பு அளவு, குறையக் குறையப் புளிப்புக் கூட) 4.6க்குக் கீழ இருக்கோ எண்டு பார்த்துத்தான் வெளியில வைக்க விடுறது. எனக்கு உள்ளுக்க நல்ல விருப்பம். பிரச்சினை என்னெண்டா அந்த அளவுக்குப் புளி எல்லாச் சோத்திலயும் ஒரே மாதிரி ஏறவேணும், 30 கிலோவைப் பிரட்டேக்க நடுவில வெள்ளைச்சோத்துக் கட்டி நிண்டா அந்த இடத்துக்குப் பாதுகாப்பு இல்லை. அதோட அங்க முக்கால்வாசிப் பேருக்கு காஸ்ட்ரைட்டிஸ், அவ்வளவு புளியை அவையிட வயித்தில இறக்க மனசு வரேல்லை.

பிறகு ஒரு நாள் இரவு நான் பெரியம்மாட அந்தப் பானை நம்பரைத் திருப்பி எடுத்துப் பார்க்கேக்கதான் விடை கிடைச்சது. ஒன்பது மணிக்கு 97, பதினொண்டுக்கு 64. மூடி வைச்ச பானை ரெண்டு மணித்தியாலம் 60க்கு மேல தானாவே நிக்குது. பெரிய கிடாரம் எண்டா நாலு மணித்தியாலம் நிக்கும். இரவு முழுக்க விட்டா எங்களைக் கொல்லுற அதே மெதுவா ஆறுற குணம், பகலில அளவான நேரத்துக்கு எங்கட பக்கம் நிக்கும். சூட்டைக் கெடுக்கிறது பார்சல். அப்ப ஏன் பார்சல்? குரூப்பில போட்டன்: பார்சல் வேண்டாம், கிடாரத்தோட கொண்டுபோய் அங்கயே இலை போட்டுப் பரிமாறுவம்.

ரெண்டு நிமிசம் ஒருத்தரும் பதில் போடேல்லை. பிறகு சித்தி ஒரு வொய்ஸ் நோட், "உதைத்தானே பிள்ளை அந்தக்காலத்தில ஊரில செய்தனாங்கள்".

இல்லத்துக்குப் போன் எடுத்துக் கேட்டன், அவைக்குச் சந்தோசம், பிளேட் எல்லாம் இருக்கு, நீங்கள் சாப்பாட்டை மட்டும் கொண்டாங்கோ எண்டிச்சினம். அங்க போய்ச் சமைக்கிறதையும் யோசிச்சம், அது இன்னும் நல்லம், ஆனா அவையிட குசினி சின்னன், காலைத் தேத்தண்ணி, மருந்துச் சாப்பாடு எண்டு அதுக்குள்ள ஏற்கெனவே நெரிசல், எங்கட எட்டுப்பேர் போய் நிண்டா தொல்லை. கேட்டரிங் காரரிட்ட இருந்து தடிச்ச சுவர் வைச்ச ஹொட் பொக்ஸ் நாலு ஒரு நாள் வாடகைக்கு எடுத்தம், அதைச் சாப்பாடு போட முதல் கொதிதண்ணி ஊத்தி பத்து நிமிசம் மூடி வைச்சுச் சூடாக்கிப்போட்டுத்தான் போடவேணும், இல்லாட்டிப் பெட்டியே முதல் பத்துப் பாகையைக் குடிச்சிடும்.

மெனுவிலயும் கொஞ்சம் வெட்டினன். தேங்காய்ச்சம்பல் வேண்டாம் எண்டேக்க ஒரு சின்னக் கலவரம். துருவின பச்சைத் தேங்காய்ப்பூ, ஈரம், சத்து, கை, அம்மி, எல்லாம் சேர்ந்தது, பிறகு கொதியே படாது. 1960 வாக்கில இங்க இருந்து இங்கிலாந்துக்குப் போன டெசிகேட்டட் கோக்கனட்டில சல்மொனெல்லா இருந்தது பிடிபட்டு, அதுக்குப் பிறகுதான் ஆலையளில தேங்காய்ச் சொட்டைக் கொதிதண்ணியில போட்டு எடுக்கிறது கட்டாயமாச்சு. காயவைச்ச தேங்காய்க்கே அந்தக் கதை எண்டா பச்சைத் தேங்காய்ச்சம்பல் வானில போறதை நினைச்சுப் பாருங்கோ. வல்லாரைச் சம்பலும் அதே காரணத்துக்காக வெட்டு. பால்கறியை விட்டுப் பிரட்டல் கறியா ரெண்டு வைச்சம், தேங்காய்ப்பாலைக் கடைசியில விட்டு இறக்காமல் நல்லாக் கொதிக்கவிட்டு இறக்கச் சொன்னன், சித்திக்குப் பால் திரைஞ்சிடும் எண்டு கவலை, கொஞ்சம் திரைஞ்சதுதான், ருசி போகேல்லை. அப்பளமும் மோர்மிளகாயும் பொரியலும் பிரச்சினை இல்லாத சாமான், ஈரம் இல்லை.

லஞ்ச் ஷீட் பற்றியும் ஒரு வரி, ஏனெண்டா பார்சல் கட்டுற ஆக்கள் கேப்பினம். பொலித்தீன் லஞ்ச் ஷீட்டும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பரிலயே தடை, கொதிக்கிற சோத்தை அதில போடுறதும் நல்லமில்லை. பழைய பேப்பரில நேராச் சாப்பாடு படவே வேண்டாம், மை. வாழையிலையை ஓடுற தண்ணியில ரெண்டு பக்கமும் கழுவி நெருப்பில வாட்டி எடுங்கோ. பொலித்தீனும் மையும் நாள்பட்ட விசயம், பக்டீரியா அண்டைக்கே ஆளை விழுத்துற விசயம், ரெண்டையும் ஒரே தராசில போடாதேங்கோ.

திவசத்தண்டு நடந்தது இதுதான். ஐயர் ஏழு மணிக்கு வந்தார், படையலுக்கு மட்டும் ஒரு சின்னச் சட்டியில தனியாச் சமைச்சம், அது பெரியம்மாட பொறுப்பு, அதோட அவவின்ர கோபமும் தீர்ந்தது. கறியள் எட்டுக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு இறக்கினம். சோறு ஒரேயடியா வடிக்காமல் ரெண்டு வாட்டி, ஒன்பதே முக்காலுக்கும் பத்தே காலுக்கும். ஹொட் பொக்ஸில போடேக்க சோறு 88, பருப்பு 91. லிப்டில ரெண்டு பெட்டியோட நான் கீழ போக, நடுவில மூண்டாம் மாடிப் பக்கத்து வீட்டு அன்ரி ஏறி "என்ன பிள்ளை, மணக்குது" எண்டு கேட்க, அவவுக்கு ஒரு கதை சொல்ல வேண்டி வந்தது. பதினொண்டுக்கு வான் வெளிக்கிட்டது, தெகிவளைச் சந்தியில இருபது நிமிசம் அசையேல்லை, எனக்கு வயித்தைக் கலக்கினது, தம்பி பின்னால இருந்து ஒவ்வொரு ஐஞ்சு நிமிசமும் "அக்கா 79... அக்கா 78" எண்டு கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிச் சொல்லிக்கொண்டு வாறான். அங்க பரிமாறத் தொடங்கேக்க மணி 12.10, முதல் பெட்டிச் சோறு 74, கடைசிப் பெட்டி 77. ஒரு பெட்டி திறந்தா அது முடியும் வரைக்கும் மற்றதைத் திறக்க விடேல்லை, அந்த ஒரு சட்டத்துக்கு மட்டும் நான் அண்டைக்குப் பொலிஸ்.

படுக்கையில இருக்கிற ஒன்பது பேருக்கு மட்டும் பார்சல் மாதிரிக் கட்டவேண்டி வந்தது, அதை அங்கயே கட்டி, மூடியில பேனையால "1.30க்குள் சாப்பிடவும்" எண்டு தமிழிலயும் சிங்களத்திலயும் எழுதிக் குடுத்தம். அங்க வேலை செய்யிற அக்கா ஒருவ "இதென்ன மருந்துப் போத்தல் மாதிரி நேரம் எழுதுறீங்கள்" எண்டு சிரிச்சா.

செலவு கணக்குப் பார்த்தா பெட்டி வாடகை, வான், காஸ் எல்லாம் சேர்த்துக் கடையில சொல்லுறதை விட ஒரு ஏழாயிரம் குறைவு, ஆனா எட்டுப் பேரின்ர ஒரு நாள் உழைப்பு. கை குறைவான வீடு எண்டா கடைதான், அந்த வடிக்கிற நேரக் கேள்வியோட. கை இருக்கு, சாப்பிடுற இடத்தில பரிமாற விடுவினம் எண்டா கிடாரம். பார்சல்தான் வேணும், வேற வழியே இல்லை, ஒரு பிள்ளைப் பள்ளிக்கூடத்துக்கோ சிரமதானத்துக்கோ எண்டா சோறு வடிக்கிற நேரத்தைப் பின்னால தள்ளி, வடிச்சதில இருந்து வாய்க்குப் போறது நாலு மணித்தியாலத்துக்குள்ள வருமா எண்டு முதல்ல பேப்பரில எழுதிப் பாருங்கோ, வராட்டி எண்ணிக்கையைக் குறையுங்கோ. இரவுச் சமையல் மட்டும் வேண்டாம்.

மிச்சம் ஒரு மூண்டு கிலோ சோறு வந்தது. பெரியம்மா அதைப் பானையோட மூடி "இரவைக்கு ஆகும்" எண்டு குசினி மூலையில வைச்சிட்டு எனக்குத் தெரியாமல் இருக்க ஒரு துவாயும் போட்டு மூடியிருந்தா. துவாயைத் தூக்கி, தேர்மோமீட்டரைக் குத்தி, 52 எண்டு காட்டினன். ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு அவவே போய் அலுமாரிக்கு மேல இருந்த கேக் தட்டு ரெண்டை இறக்கிக் கொண்டுவந்து சோத்தைப் பரப்பத் தொடங்கினா.